தூங்கும்போது எடுத்த படம்

எங்கள் காலேஜ் ஆடிட்டோரியத்தில் ஏசி ஓடினால் அன்றைக்கு வியாழக்கிழமை என்று அர்த்தம். மற்ற நாட்களில் அங்கே ஃபேன்கூட யோசித்து யோசித்துத்தான் சுற்றும். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் வெளியிலிருந்து ஓர் ஓவியரோ, டிசைனரோ, புகைப்படக்காரரோ வந்து பேசுவார். விருந்தினருக்கு வேர்க்கக் கூடாது. எங்களுக்கு வேர்த்தால் பரவாயில்லை, நாங்கள் மாணவர்கள்தானே.

எந்தக் காலேஜ் என்று சொல்லப்போவதில்லை. பெங்களூருக்கு வெளியே, கண்ணாடியும் சிமெண்டுமாகக் கட்டிய பெரிய இடம். நான் அங்கே கிராஃபிக் டிசைன் படித்தேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பாதியில் வந்து, என்ன இந்தப் பெண் இப்படிப் பேசுகிறாள் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

அந்தப் பேச்சுகள் எல்லாமே தண்டம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எழுத்துரு வடிவமைக்கும் ஒரு பெண் வந்து, ஒரே ஓர் எழுத்தின் சுழியைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினார். அன்று வீட்டுக்குப் போகும்போது கடைப் பலகைகளையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது. திரும்பி நடந்து வந்தேன், சந்தோஷமாக நடந்து வந்தேன். அதற்காகத்தானே அந்தக் காலேஜுக்குப் போனேன்.

ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் ‘என் ப்ராக்டிஸ்’ என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் சந்தில் ப்ராக்டிஸ் என்றால் வக்கீல் செய்வது, இல்லாவிட்டால் தெருவை அடைத்துக்கொண்டு கிரிக்கெட் பையன்கள் செய்வது. இவர்களுடைய ப்ராக்டிஸ் என்னவென்று எனக்குப் புரியவே முதல் வருடம் முழுக்க ஆயிற்று. பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். அதில் எழுந்து நிற்கிற யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முதலில் நன்றி, பிறகு பாராட்டு, பிறகு தான் படித்த ஒரு புத்தகம், கடைசியில் குரலைக் கொஞ்சம் தூக்கி முடித்தால் அதுதான் கேள்வி. விருந்தினரும் அருமையான கேள்வி என்பார். எல்லோரும் கைதட்டிவிட்டு சமோசாவுக்கு ஓடுவோம்.

மூன்றாம் வருடத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. அந்த வாரப் பேச்சுக்கான போஸ்டரை கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரில் அம்மா.

பஸ் ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. மூச்சுக் காற்று பட்டுக் கண்ணாடியின் ஒரு மூலை மங்கியிருந்தது. புடவைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியிருந்தது. மடியில் இருந்த சாப்பாட்டுக் கூடையை மட்டும் யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பதைப்போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்தக் கூடையை நான்தான் தினமும் கழுவி வைப்பேன், அதனால் இது யாரோ அம்மா சாயலில் இருக்கிற இன்னொரு பெண் என்று நினைத்துக்கொள்ளக்கூட வழியில்லை.

அம்மா பீன்யா தொழிற்பேட்டையில் ஸ்விட்ச் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். நின்றுகொண்டே செய்கிற வேலை. காலையில் ஒக்கலிபுரம் சிக்னலில் கம்பெனி பஸ் ஏறுவாள். பீன்யா போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருக்கலாம். ஏறின உடனே தூங்கிவிடுவாள். பக்கத்தில் இருப்பவள் உலுக்கி எழுப்பினால்தான் இறங்குவாள். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சமையல், தண்ணீர் பிடிப்பது, கம்பெனி, மறுபடி சமையல். இதில் அந்த பஸ் தூக்கம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

அந்தத் தூக்கத்தைத்தான் ஒருவர் படமெடுத்திருந்தார். கல்கத்தாவில் பிறந்து, ஏதோ ஒரு குளிர் நாட்டில் குடியேறிய புகைப்படக் கலைஞர். எங்கள் காலேஜின் அழைப்பில் வந்து பெங்களூரில் சில மாதம் தங்கியிருந்தார். சிக்னல் நெரிசலில் நிற்கும் கம்பெனி பஸ்களுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, தூங்கும் பெண்களை ஜன்னல் வழியாக எடுத்திருக்கிறார். வியாழக்கிழமை பேச்சு. அடுத்த வாரம் காலேஜ் கேலரியில் கண்காட்சி. அப்புறம் புத்தகமாக வரும். எல்லாம் போஸ்டரிலேயே இருந்தது. அடியில் சின்ன எழுத்தில், அனுமதி இலவசம், அனைவரும் வரலாம் என்றும் போட்டிருந்தது.

படம் நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வெளிச்சம் அவள் நெற்றியில் விழுந்திருந்த விதம், கண்ணாடியில் எதிர்ப்பக்கக் கட்டடம் மங்கலாகத் தெரிவது, எல்லாவற்றையும் என் கண் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டு மெச்சியது. அப்படிப் பார்க்கத்தான் அந்தக் காலேஜ் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. இன்னொரு பக்கம், இதைப் பார்க்கவே கூடாது என்றும் இருந்தது. எங்கள் சந்தில் தூங்குகிற குழந்தையை யாரும் நின்று ரசிக்க மாட்டார்கள். பெற்றவளே சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கண்ணு பட்டுவிடும் என்பார்கள். கண்ணு படுவதை நான் நம்பவில்லை. ஆனால் தூங்குகிற முகம் பார்ப்பதற்கில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் எப்படியோ தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் போனில் எடுத்துக்கொண்டு வந்த போஸ்டரை அம்மாவிடம் காட்டினேன். மறைத்து வைக்கலாமா என்று யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன், யோசிக்கவில்லை. அவள் முகம் அது. அவளுக்குத் தெரிய வேண்டும்.

அம்மா போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள். இவ்வளவு அசிங்கமாகவா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேன் என்றாள். அசிங்கமாக இல்லை என்றேன். இது எங்கே ஒட்டியிருக்கிறது, எத்தனை பேர் பார்ப்பார்கள், புத்தகத்தில் போட்டால் எந்தெந்த ஊருக்குப் போகும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. எனக்குத் தெரிந்த அம்மா கோபம் வந்தால் பாத்திரத்தை உருட்டுவாள். அன்று ஒன்றையும் உருட்டவில்லை.

“முழிச்சினு இருந்தா நான் மூஞ்சிய ஒழுங்கா வெச்சினு இருந்திருப்பேன்ல,” என்றாள். “என்னெ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல அந்த ஆளு.”

பிறகு, அந்தப் படம் வேண்டாம் என்று சொல்லி எடுக்க வை என்றாள். சுவரிலும் வேண்டாம், புத்தகத்திலும் வேண்டாம். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மறுநாள் துறைத்தலைவியிடம் போனேன். நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். சென்னையிலிருந்து வந்து பெங்களூரிலேயே தங்கிவிட்டவர். தமிழ் பேச ஆள் கிடைத்தால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும், என்னிடம் பாசமாகவே இருந்தார். போஸ்டரில் இருப்பது என் அம்மா என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு அழகாக இருக்கிறார்கள் உன் அம்மா என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். கை மெதுவாக என்னை விட்டது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். ரோடு பொது இடம், சட்டப்படி தப்பில்லை என்றார். அந்தப் படத்தில் எவ்வளவு கண்ணியம் இருக்கிறது பார் என்றார். வெளியாள் யாராவது இப்படிப் பேசினால் புரிந்துகொள்ளலாம், கலை படிக்கிற நீயே இப்படிப் பேசலாமா என்றார். கலை படிப்பதால்தான் மேடம் இவ்வளவு மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினேன். கடைசியில், வியாழக்கிழமை கேள்வி நேரம் இருக்கிறதே, அதில் விருந்தினரையே கேள், அதற்குத்தானே அந்த நேரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கேள்வி நேரத்தின் லட்சணம் எனக்குத் தெரியாதா என்ன.

வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அனைவரும் வரலாம் என்று போட்டிருக்கிறது என்று நீதானே படித்தாய் என்றாள். ஆமாம் என்றேன். அப்போ நானும் வருகிறேன் என்றாள். கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வருவாளாம். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. வெங்காயத்தைத் தட்டோடு பிடுங்கி நானே நறுக்கி முடித்தேன்.

வியாழக்கிழமை அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் வந்தாள். தலை நிறையப் பூ. இது என்ன பட்டுப்புடவை, சும்மா காலேஜ்தானே என்றேன். அந்த ஆள் என்னை ஒரு தடவை தப்பாகப் பார்த்துவிட்டான், இந்தத் தடவை நான் காட்டுகிறபடி பார்க்கட்டும் என்றாள். கேட்டுக்குப் பக்கத்தில் போஸ்டரைக் கடக்கும்போது நிற்கவில்லை, திரும்பவுமில்லை. ஆடிட்டோரியத்தில் நாலாவது வரிசையில் நடுவில் போய் உட்கார்ந்தோம்.

அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒரு சங்கடம். பாதி நாள் நின்று வேலை செய்துவிட்டு வந்த உடம்பு. மெத்து மெத்தென்ற நாற்காலி. ஏசி. விளக்கை வேறு அணைத்துவிட்டார்கள். மேடையில் ஒருவர் தாலாட்டுகிற குரலில் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருக்கிறார். அம்மாவின் தலை ஆட ஆரம்பித்தது. நான் முழங்கையால் இடித்தேன். சட்டென்று நிமிர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி. தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள். உலகத்தில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் தூங்கலாம், இந்த ஆள் முன்னால் மட்டும் தூங்கக் கூடாது என்று என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முன் வரிசையில் என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் படமெடுக்கவில்லை, போஸ்டர் அடிக்கவில்லை.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. நரைத்த தாடி, கதர்ச் சட்டை, அவசரமே இல்லாத பேச்சு. ஒவ்வொரு படமாகத் திரையில் காட்டினார். எல்லாம் தூங்கும் பெண்கள். உழைக்கும் பெண்களிடமிருந்து முதலாளி எடுத்துக்கொள்ள முடியாத ஒரே பொருள் இந்தத் தூக்கம்தான் என்றார். நல்ல வாக்கியம். முதலாளி எடுக்க முடியாததை இவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அரங்கத்தில் வேறு யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. மூன்றாவதாக அம்மாவின் படம் வந்தது, சுவர் முழுக்க. பக்கத்தில் அம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

விளக்கைப் போட்டார்கள். கேள்வி நேரம். மேடத்திடம்தான் மைக் இருந்தது. வழக்கம்போல இரண்டு பாராட்டு முடிந்ததும் அம்மா எழுந்து நின்றாள். மேடத்துக்கு யாரென்று புரிந்துவிட்டது. ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார், பிறகு மைக்கைக் கொடுத்தனுப்பினார்.

அம்மா மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு, மூன்றாவது படத்தில் இருப்பது தான்தான் என்று தமிழில் சொன்னாள். மேடம் அதை இங்கிலீஷில் சொன்னதுதான் தாமதம், அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நூற்றுக்கணக்கான கைகள். எல்லோருக்கும் இது விழாவாகிவிட்டது. என் பக்கத்தில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விருந்தினர் மேடையிலிருந்து இறங்கி எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் வந்து, நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்தார். உங்களைப் பார்ப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று தொடங்கி நிறையச் சொன்னார். இந்த மாதங்களில் நான் வேறெதுவும் செய்யவில்லை, உங்கள் எல்லோருக்கும் காது கொடுத்துக்கொண்டு மட்டுமே இருந்தேன் என்று முடித்தார். கலைக்காரர்களுக்கு ‘லிஸனிங்’ என்கிற அந்த இங்கிலீஷ் சொல் ரொம்பப் பிடிக்கும். கேமராவாலும் கேட்பார்கள், பென்சிலாலும் கேட்பார்கள்.

மேடம் உணர்ச்சிவசப்பட்டிருந்தார். கரகரத்த குரலில் அதைத் தமிழில் சொன்னார்.

“இத்தனை மாசமா உங்க எல்லாரையும் கேட்டுக்கிட்டே இருந்தேன்னு சொல்றார்மா.”

அம்மாவின் புருவம் ஏறியது.

“என்னெ எப்ப கேட்டாரு?” என்றாள். “நான் தூங்கினுல்ல இருந்தேன்.”

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. தமிழ் தெரிந்த பத்துப் பதினைந்து பேர் முதலில் சிரித்தார்கள். அடுத்தது கன்னடக்காரர்கள். அவர்கள் பாஷையிலும் காது கொடுத்துக் கேட்பதற்கும் அனுமதி கேட்பதற்கும் ஒரே சொல்தான், அதனால் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்கள் என்ன என்னவென்று பக்கத்தில் இருப்பவரைச் சுரண்டினார்கள். மேடம் முகம் சிவந்துவிட்டது. அப்படி இல்லம்மா, அவர் சொல்கிற கேட்பது வேறு, நீங்கள் பேசுவதைக் காதால் கேட்பது என்று பாவம் விளக்கினார்.

“தூங்கறவ இன்னா பேசியிருப்பா, அவரு காதுல விழறதுக்கு?” என்றாள் அம்மா.

எனக்கு அந்த இடத்திலேயே அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. மூன்று வருடமாக அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே கேட்ட முதல் கேள்வி அதுதான்.

விருந்தினர் விடவில்லை, என்ன சொல்கிறார்கள், முழுசாகச் சொல்லுங்கள் என்று மேடத்தைக் கேட்டார். மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, நியாயம்தான், அப்படியானால் இப்போது கேட்கிறேன், இந்தப் படத்தைக் கண்காட்சியிலும் புத்தகத்திலும் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி உண்டா என்றார். அதற்கு அவரை நான் மெச்சத்தான் வேண்டும். எத்தனையோ பேர் அந்த இடத்தில் சட்டம் பேசியிருப்பார்கள்.

அரங்கம் முழுக்கப் போன்கள் மேலே எழும்பின. எல்லோருக்கும் முடிவு தெரிந்துவிட்டது. கேட்டாகிவிட்டது, அந்த அம்மா கண் கலங்கி ஆகட்டும் என்று சொல்வாள், இவர் கும்பிடுவார், கைதட்டலாம், சமோசாவுக்குப் போகலாம். மேடம்கூடத் தெளிந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக, இப்போது உங்களைக் கேட்கிறார்மா, படத்தை வைத்துக்கொள்ளலாமா என்றார்.

“வேணாம்,” என்றாள் அம்மா.

மேடம் அதை மொழிபெயர்க்கவில்லை. அம்மாவிடமே திரும்பி, புத்தகம் பல நாட்டுக்குப் போகும், உங்கள் படத்தைப் பெரிதாக ஃப்ரேம் போட்டு உங்களுக்கே ஒன்று தருவார், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

“கேட்டாரு, சொல்ட்டேன் மேடம். நீங்க அதெ அவருகிட்ட சொல்லுங்க.”

மேடம் விருந்தினர் பக்கம் திரும்பி இங்கிலீஷில், அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, இவ்வளவு கூட்டத்தைப் பார்த்துப் பழக்கமில்லை, பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தன் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து, அவள் நிம்மதியாகப் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்காரப் போனாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தொடையைக் கிள்ளிக் கிள்ளி முழித்திருந்து, வாயைத் திறந்து ஒரே ஒரு சொல் சொன்னாள். அதையும் கூச்சம் என்று மாற்றிவிட்டார்கள்.

எழுந்து நின்றேன். மைக்குக்குக் காத்திருக்கவில்லை, எனக்கு மைக் தேவையில்லாத தொண்டை. அவர்களுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை, வேண்டாம் என்று சொன்னார்கள், இரண்டு தடவை சொன்னார்கள் என்று இங்கிலீஷில் கத்தினேன். கன்னடத்திலும் ஒரு தடவை சொன்னேன், கடைசி வரிசைக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது. பேடா அந்தரு, அஷ்டே. வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான்.

யாரும் கைதட்டவில்லை. போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. விருந்தினர் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். எடுத்துவிடுகிறேன் என்றார். அதை நானே தமிழில் அம்மாவிடம் சொன்னேன். கூட்டல் கழித்தல் இல்லாமல் சொன்னேன்.

சமோசாவுக்கு நாங்கள் நிற்கவில்லை. பஸ்ஸில் எனக்கு வாய் ஓயவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாயா, இவர் முகத்தைப் பார்த்தாயா என்று பேசிக்கொண்டே வந்தேன். பாதியில் பதில் வரவில்லை. அம்மா தூங்கிவிட்டிருந்தாள். ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருந்தேன். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் கண்காட்சி திறந்தார்கள். நான் திறப்புக்குப் போகவில்லை. மறுநாள் மத்தியானம் என் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். உன் அம்மாதான் கண்காட்சியின் ஹைலைட் என்றாள். படத்தை எடுத்துவிட்டார்களே, எப்படி என்று கேட்டேன். நீயே போய்ப் பார் என்றாள்.

போய்ப் பார்த்தேன். வரிசையாகத் தூங்கும் பெண்கள். மூன்றாவது இடத்தில் ஒரு காலி ஃப்ரேம். நல்ல தேக்குச் சட்டம், உள்ளே வெள்ளைச் சுவர். கீழே ஒரு சின்ன அட்டையில், இந்தப் பெண் மறுத்துவிட்டார் என்று அச்சடித்திருந்தது. எந்த சிக்னலில் எடுத்த படம், எந்த மாதிரி கம்பெனியில் வேலை செய்கிறார், மகள் இதே காலேஜில் படிக்கிறாள் என்பதுவரை நாலு வரி. மேலே தனி விளக்கு. மற்ற படங்களுக்கு முன்னால் ஆளே இல்லை. இதற்கு முன்னால் ஒரு கூட்டம் நின்று யோசனையாகத் தாடையைத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு பையன் ஃப்ரேமுக்குள் தன் முகம் வரும்படி நின்று செல்ஃபி எடுத்தான்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் அந்த வேண்டாமையும் சட்டம் போட்டு மாட்டிவிடுகிற இவர்களை என்ன செய்வது. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளுக்குச் சாப்பாட்டு நேரம், எடுத்தாள். எடுத்துவிட்டார்களா என்றாள். எடுத்துவிட்டார்கள், ஆனால் காலி ஃப்ரேமை மாட்டி வைத்திருக்கிறார்கள் என்றேன். காலி ஃப்ரேமில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றாள். நீ அதில் இல்லை என்பதைத்தான்மா பார்க்கிறார்கள் என்றேன். அட்டையில் இருந்ததையும் வரி விடாமல் சொன்னேன்.

பின்னால் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிடும் சத்தம் கேட்டது.

“நான் இல்லாததுகூட அவங்களுக்கு வேணுமாடி?” என்றாள்.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். இறக்கிடு என்றாள். பிரச்சினையாகும், காலேஜில் என்னைச் சும்மா விட மாட்டார்கள் என்றேன். தெரிந்துதான் சொல்கிறேன், உன்னால் முடியாது என்றால் சொல், ஞாயிற்றுக்கிழமை நான் வந்து இறக்குகிறேன் என்றாள்.

திரும்ப உள்ளே போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நகருங்கள் என்றேன். யாரோ இதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்து வழிவிட்டு வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். எடுத்துக்கொள்ளட்டும், நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஃப்ரேமை இரண்டு கையாலும் தூக்கி ஆணியிலிருந்து கழற்றினேன். நினைத்ததைவிடக் கனம். அட்டையை நகத்தால் பெயர்த்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மேலே இருந்த விளக்கு வெறும் சுவரில் எரிந்துகொண்டிருந்தது, அதன் ஸ்விட்ச் எங்கே என்று தெரியவில்லை.

ஃப்ரேமை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பினால் வாசலில் மேடம். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் என்மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று உதடு துடித்தது. கண்காட்சியில் இருக்கிற ஒரு கலைப்பொருள்மேல் கை வைத்துவிட்டேன் என்று அவருக்கு நிஜமாகவே மனசு பதறியது.

“யாரைக் கேட்டு இதை எடுத்தே?” என்றார்.

“எங்கம்மாவக் கேட்டு,” என்றேன்.